அடியில் நாலு சுற்று

அவள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்களிடமிருந்து வரும் அச்சுகளில் சாந்து ஊற்றி, ஈறின் வடிவத்தை எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடைசியில் மெருகேற்றி அனுப்புவது வேலை. பட்டறை ஒரு மாடியின் பின்னறை. மெருகேற்றும் மெஷின் ஓடும்போது பேசினால் காதில் விழாது. ஓடாதபோது பேச ஆளில்லை. முதலாளி காலையில் பெட்டியை வைத்துவிட்டுப் போவார், மாலையில் எடுத்துக்கொண்டு போவார். யார் யாருடைய வாயையோ நாளெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, தன் வாயைத் திறக்காமலே வீடு திரும்புவாள்.

இந்த ஊருக்கு வேலைக்காகத் தனியாக வந்தவள். அக்காதான் போன் செய்வாள்.

"இன்னிக்கு யார்கூடயாவது பேசினியாடி?"

"பேசினேனே. கடைக்காரர் சில்லறை இருக்கான்னு கேட்டார். இல்லைன்னேன்."

"அதெல்லாம் ஒரு பேச்சா? இங்க பாரு, இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள அங்க நாலு மனுஷங்க பழக்கமாகலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடு. தனியா கெடந்து என்னத்தக் கண்ட?"

அக்கா வீட்டில் அவளுக்கு இடம் உண்டு. அத்தான் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போகும்வரை, பாயை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து மூலையில் காத்திருக்கும் இடம். அங்கே திரும்பிப் போக அவளுக்கு விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குள் நீண்டு போகும் கற்சுவரில் நடப்பாள். சும்மா நிற்கும் பெண்ணை எல்லோரும் ஒரு பார்வை பார்ப்பார்கள். தூண்டிலோடு நிற்பவளை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அப்படிக் கணக்குப் போட்டுத்தான், பிளாஸ்டிக் வாளிகள் தொங்கும் கடையில் இருந்ததிலேயே மலிவான தூண்டிலை வாங்கினாள்.

கணக்கு முதல் நாளே தப்பியது. அதில் நரம்பு சுற்றும் ரீல் காபிக்கொட்டை அரைப்பதுபோல் கரகரத்தது. சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இரண்டாவது வீச்சிலேயே நைலான் நரம்பு சிக்குப்பிடித்துக் குருவிக்கூடாகிவிட்டது.

"அது என்னங்க, தூண்டிலா, துணி காயப்போடற கம்பா?" என்றபடி ஒருவர் எழுந்து வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் ஒரு தையல்காரர், சட்டைப்பையில் கத்தரிக்கோலோடு. அவருக்குப் பின்னால், இந்த மனிதரை நம்பிக் கடலுக்கு அனுப்ப முடியாதென்று ஃபிளாஸ்கோடு கூடவே வரும் அவர் மனைவி.

டிரைவர் சிக்கெடுத்தார். தையல்காரர் வெட்டினார். அவர் மனைவி மூடியில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கண்ணாடியைப் பார்த்தா டீச்சர் மாதிரி இருக்கீங்க" என்றாள். இல்லையென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் டீச்சராகிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்துதான். சிக்கும், வருவார்கள், திட்டுவார்கள், எடுப்பார்கள். கூடவே ஒரு பழைய சண்டையும் நடக்கும்.

"நல்ல கம்பெனி ரீல்னா நல்லதுதான்யா. என் கத்தரிக்கோலையே எடுத்துக்க. மலிவுல வாங்கினது துணியை மெல்லும், இது வெட்டும்" என்பார் தையல்காரர்.

"துணிக்குத் தெரியும். மீனுக்குக் கம்பெனி பேரு படிக்கத் தெரியுமா? பேருக்குத்தான்யா காசு பிடுங்கறான்" என்பார் டிரைவர்.

"நீ கையில வச்சுப் பார்த்திருக்கியா?"

"நீ?"

"நான் கடைக் கண்ணாடி வழியா பார்த்திருக்கேன்."

"ரெண்டு பேரும் ஒருநாளும் வாங்கப் போறதில்லை. வாயாவது வலிக்காதா?" என்பாள் தையல்காரர் மனைவி. இவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை மத்தியானம்வரை தாங்கும்.

ஆனால் ஒரு நாள் டிரைவருக்கு மீன் கடித்த நேரத்தில் இவள் நரம்பு சிக்கியது. அவர் கம்பைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மீன் போய்விட்டது. அவர் புது இரை கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்குத்தான் வாரம் முழுக்க உறுத்தியது. தன்னால் எல்லோருக்கும் தொல்லை, இப்படியே போனால் ஒருநாள் முகம் சுளித்துவிடுவார்கள் என்று பட்டது. நல்ல ரீலாக வாங்கிவிட்டால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

பெரிய கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ரீலைக் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தார்.

"இவ்வளவு விலைக்கு இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"சுத்திப் பாருங்க."

சுற்றினாள். சத்தமே இல்லை. தண்ணீரைச் சுற்றுவதுபோல் இருந்தது.

"அதுதாங்க இருக்கு" என்றார் அவர். "நரம்பை நானே சுத்தித் தரட்டுமா?"

பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். தன்னால் அவர்கள் நிற்கவேண்டாம் என்று, "வேண்டாம், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். பட்டு நூலைவிட மெல்லியதாக, பின்னிச் செய்த விலையுயர்ந்த நரம்பு ஒன்றையும் வாங்கிவந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழகாகச் சுற்றினாள். பல் மெருகேற்றும் கைக்கு அது பெரிய வேலையில்லை.

அடுத்த ஞாயிறு அவள் உறையைப் பிரித்தபோது தையல்காரர் எழுந்தே நின்றுவிட்டார். டிரைவர் பார்த்தார். பிறகு, "அடேங்கப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் பையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மேடத்துக்கு வீச இடம் வேணும்யா. தள்ளிக்க."

மேடம்!

வீசினாள். நரம்பு விசிலடித்துக்கொண்டு போய் எங்கோ விழுந்தது. சிக்கவில்லை. கரகரக்கவில்லை. யாரும் திரும்பவில்லை.

எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. அதுதான் வினையாகிப்போனது. வரக் காரணம் இல்லாததால் அவர்கள் வரவில்லை. டீ மட்டும் வந்தது, நல்ல கோப்பையில், உபசாரத்தோடு. அந்தச் சண்டையும் நின்றுவிட்டது. வாங்கியவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேருக்குக் காசு பிடுங்குகிறான் என்று எப்படிச் சொல்வது? டிரைவருக்கு நாகரிகம் தெரியும். தையல்காரருக்கோ எதிராளி இல்லாமல் பேச வரவில்லை. மூன்று பேரும் சுவரின் அந்தக் கோடியில் தாழ்ந்த குரலில் எதையோ பேசிக்கொண்டார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஒரு சொல்லும் இவளிடம் வரவில்லை.

வாரங்கள் இப்படிப் போயின. சின்ன மீன்கள் கிடைத்தன. கொக்கியிலிருந்து கழற்றி, கடலில் விட்டு, கையைத் துடைத்துக்கொள்வாள். நிமிர்ந்தால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"யாராவது பழக்கமானாங்களா?" என்றாள் அக்கா.

"ம்."

"அந்த 'ம்'க்கு என்ன அர்த்தம்? மழை விட்டாச்சு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள்.

அந்த ஞாயிறு வானம் வெளிறிக் கிடந்தது. வீசிவிட்டு உட்கார்ந்தாள். திடீரென்று கம்பு நுனி வளைந்து தண்ணீரைத் தொட்டது. இதுவரை அப்படி ஒரு கனத்தை அவள் கை அறிந்ததில்லை. எழுந்து நின்று சுற்றினாள். கைப்பிடி சுற்றியது. நரம்பு வரவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினாள். குனிந்து பார்த்தால், சுற்றிவைத்திருந்த நரம்பு மொத்தமும் உருளையின்மேல் பெரிய வளையல்போல் வழுக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. இவள் உள்ளே சுற்ற, மீன் வெளியே இழுத்துக்கொண்டு போனது.

அந்தக் கோடியைப் பார்த்தாள். மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் கையை நீட்டி எதையோ விளக்கினார். டிரைவர் மரியாதையாகத் தலையாட்டினார். இந்த விலை ரீலில் இப்படித்தான் மீனைக் களைப்பாக்குவார்கள் போலும் என்று நினைக்கிறார்கள்.

கூப்பிட வேண்டும். இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. சிக்குதான் அவளுக்காகக் கூப்பிட்டிருந்தது. வாயைத் திறந்தாள். "அண்ணே" என்பது அவளுக்கே கேட்கவில்லை. நரம்பு விரலுக்கடியில் ஓடியது. இனி ஒரு ஞாயிறும் இந்தச் சுவருக்கு வரமாட்டோம் என்பது அந்தக் கணத்தில் தெளிவாகத் தெரிந்தது. பாயும் கூடத்து மூலையும் தெரிந்தன.

"அண்ணே! சுத்துதுண்ணே, வரமாட்டேங்குது! வாங்களேன்!"

சுவர் முழுக்கத் திரும்பியது. டிரைவர் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். ரீலைப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் அதைத் தொட்டார்.

"அடப்பாவமே! வழவழன்னு இருக்கிற உருளையில இதை நேராவா சுத்தினீங்க? அடியில நாலு சுத்து சாதா நைலான் போட்டாத்தானே இது பிடிக்கும்!"

"எனக்குத் தெரியாதே."

"தெரியாதுன்னா கேக்கறதுக்கென்ன? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நரம்பைக் கையாலேயே இழுத்தார். தையல்காரர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் வந்தது. பிறகு சட்டென்று தளர்ந்தது. கொக்கி மட்டும் வந்தது.

"போச்சா?" என்றாள் தையல்காரர் மனைவி.

"போச்சு."

"இந்த ரீலுக்கே இந்தக் கதியா!" என்று டிரைவர் தையல்காரரைப் பார்த்தார். பல வாரமாக அடக்கிவைத்திருந்தது முகத்தில் மலர்ந்தது. "சொன்னேனா இல்லையா? பேருக்குத்தான்யா காசு!"

"சுத்தத் தெரியாததுக்கு ரீல் என்னய்யா செய்யும்? எங்க, குடு, ஒரு தடவை சுத்திப் பார்க்கறேன்" என்றார் தையல்காரர். சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை சுற்றினார்.

நரம்பு முழுவதையும் உருவிவிட்டு, அடியில் நைலான் போட்டு மறுபடி சுற்றவேண்டும் என்றார் டிரைவர். ரீலை அவளிடமே கொடுத்துவிட்டு, நரம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுவரில் கரையை நோக்கி நடந்தார். "ஒதுங்குங்க, ஒதுங்குங்க, தடுக்கிடப் போகுது" என்று வழியில் இருந்தவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு போனார். ஆள் சின்னதாகிக்கொண்டே போனார். அவள் விரல்களுக்கிடையில் நரம்பு சத்தமில்லாமல் ஓடியது. அவர் காலெடுத்து வைப்பதெல்லாம் அதில் மெல்லிய துடிப்பாக வந்தது.

தூரத்தில் நின்று அவர் ஏதோ கத்தினார்.

"முடிஞ்சுதான்னு கேக்கறார்" என்றாள் தையல்காரர் மனைவி.

இவள் உருளையைப் பார்த்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

"இன்னும் இருக்குண்ணே! போங்க!"