புல்லின் சூடு

அண்ணியிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி உண்டு. தரைக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் அதன் சூட்டை எண்ணில் காட்டும். நகராட்சியில் அவளுக்கு அதுதான் வேலை. எங்கள் தெருவுக்கும் மத்தியானம் ஒரு மணிக்கு வருவாள். அவள் அளப்பாள், நான் எழுதுவேன்.

தார் ரோடு ஐம்பத்தெட்டு. சிமெண்டு நடைபாதை ஐம்பத்திரண்டு. தகரக் கூரை அறுபத்தொன்று. மர நிழல் முப்பத்தொன்று. கடைசியாக எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரை, இருபத்தேழு.

"பாத்தியா குட்டி, மர நிழலையே தோக்கடிச்சிடுச்சு!"

அந்தப் புல்தரையில் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கப் போவதாகப் பேச்சு. அதைத் தடுக்க அண்ணியின் அட்டவணையை விட்டால் வேறு வழியில்லை.

ஆறாவது வாரம் ஒருநாள் முகம் தொங்கிப்போய் வந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"இன்ஜினியர் சிரிக்கிறார். 'உங்க புல்லு ஃபிரிட்ஜுக்குள்ளயாம்மா வளருது?'னு கேக்கிறார். நாளைக்கு அவரே வந்து அளக்கப் போறாராம். ஒத்துவரலன்னா மொத்தமும் குப்பைக்கு."

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, என்றுமில்லாத அக்கறையோடு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலை பத்து மணிக்கு, அண்ணி நின்று அளக்கும் இடத்தில் அவர் நாலு வாளித் தண்ணீர் ஊற்றுவதை நான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். ஒரு மணிக்குள் நுனி காய்ந்துவிடும். வேர் ஈரமாகவே இருக்கும்.

நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் பேசுவதில்லை. அன்று பேசினேன்.

"அண்ணி... அப்பா அங்க தண்ணி ஊத்துறார்."

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. "மாமா!"

"செருப்பைத் தாண்டி கால் சுடுதுன்னு நீதானேம்மா சொன்ன?"

"அதுக்கு? ஆறு வார வேலை மாமா!" என்று கத்திய அண்ணி, அவர் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அன்றே இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். புல்லின் எண்களை எல்லாம் அவளே கோடு போட்டு அடித்தாள். அவர் ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க அப்பா வாளியைத் தொடவில்லை. இன்ஜினியர் வந்த அன்று அதைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார், வெயிலில்.

இன்ஜினியரின் கருவியில் சிமெண்டு ஐம்பத்துமூன்று. காய்ந்த புல் முப்பத்தொன்பது. அண்ணியின் கருவியிலும் அதே. அவர் மறுபடி அளந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"காஞ்சு கிடக்கும்போதே பதினாலு குறையுதா! இதை மூட வேண்டாம்னு நானே எழுதிடறேன்மா."

அவர் வண்டி திருப்பத்தைத் தாண்டியதும் அப்பா எழுந்தார். "இப்ப ஊத்தலாமா?"

அண்ணி கருவியை அவர் வழுக்கைத் தலைக்கு நேராகப் பிடித்தாள்.

"நாப்பது! புல்லை விட ஒண்ணு ஜாஸ்தி. முதல்ல நீங்க நிழலுக்கு வாங்க மாமா. நான் ஊத்தறேன்."