வலது கை பிடிக்கும் இடம்

இன்ஸ்பெக்டர் சாக்குப்பையைப் பிரித்து என் பட்டறை மேசையில் கவிழ்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. பாழடைந்த மரத்தைத் தேற்றி எடுப்பதுதான் என் பிழைப்பு. பழைய கார்களின் டேஷ்போர்டு, கதவுச் சட்டம், ஸ்டீயரிங் எல்லாம் இங்கேதான் வரும். இதைவிட மோசமான நாற்றங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

மேசையில் கிடந்தது பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மர ஸ்டீயரிங். நடுவில் அரித்துப்போன அலுமினியம், சுற்றிலும் சேறு காய்ந்து கறுத்த மர வளையம். வலது கை பிடிக்கும் இடத்தில் வளையம் உடைந்து விலகியிருந்தது.

"கல்குவாரித் தண்ணிக்குள்ள தூர் வாரின மெஷின்ல மாட்டிச்சு. வேற எதுவும் வரல," என்றார் அவர். "திங்கக்கிழமை குவாரியை மண்ணடிச்சு மூடப்போறாங்க. இது உங்க அண்ணன் வண்டியோடதுதான்னு அடிச்சுச் சொன்னீங்கன்னா நிறுத்தி வச்சுட்டு கிரேனையும் டைவரையும் வரச்சொல்லுவேன். அந்த மாதிரி இருக்குன்னு இழுத்தீங்கன்னா, மேல ஒருத்தனும் காது கொடுத்துக் கேக்க மாட்டான்."

அன்று வியாழக்கிழமை.

அவரோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றாள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில், ஆறு வருடமாகத் தேடித் தேடிப் பொறுக்கிச் சேர்த்த இரண்டு சீட் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய அண்ணன் திரும்பி வரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்றது ஊர். யாரோடு ஓடினான் என்பதில்தான் கருத்து வேறுபாடு. நானும் அதைத்தான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

"தம்பி, என்னைப் பாத்தா பேச்சை நிறுத்திக்கிறாங்க," என்றாள். "புள்ளைகிட்ட அப்பா எங்கன்னு கேட்டா, வேலையா போயிருக்காருன்னு இன்னும் சொல்லுது. நீ பாத்துச் சொல்லு. அவரு எங்களை விட்டுட்டுப் போகலைன்னு தெரிஞ்சா போதும்."

"அப்படின்னா அவன் இல்லைன்னு ஆயிடும் அண்ணி."

"விட்டுட்டுப் போனாருங்கறதுக்கு அது மேலு."

இருவரும் போனபின் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் விழுந்தேன். பார்த்த கணத்திலேயே எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேட ஆரம்பித்தேன்.

தண்ணீரில் ஊறிய மரத்தை அவசரப்பட்டுக் காயவைத்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்துணி சுற்றி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உலர்த்த வேண்டும். எனக்கு இருந்தது மூன்று நாள். வளையத்தை ஈரத்துணியில் சுற்றிவிட்டு முதலில் நடுப்பகுதியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அங்கே எண் பொறித்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை முழுக்கத் தேய்த்ததில் ஒரு ஏழும் பாதி மூன்றும் கிடைத்தன. அது மூன்றா எட்டா என்று சண்டை போட எதிரில் ஆள்கூட இல்லை.

சனிக்கிழமை ரிவெட்டுகளை எண்ணினேன். மரப் பட்டைகளின் அகலத்தை அளந்தேன். இதே ஸ்டீயரிங் இரண்டு வைத்திருக்கும் பல் டாக்டர் ஒருவரைப் போனில் பிடித்தேன். பழைய கார்களைச் சேர்ப்பதில் பைத்தியம் பிடித்த மனிதர். அவரும் தன்னுடையதை அளந்து சொன்னார். எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயிற்று.

"அப்போ இது அண்ணனோடதுதானா டாக்டர்?"

"என்னோடதா கூட இருக்கலாம். அந்த மாடல் முழுக்க இதேதான் போட்டாங்க."

அண்ணி மணிக்கொரு தரம் போன் செய்தாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றே மணிக்கொரு தரம் சொன்னேன். நல்லவனாக நடிப்பது சுலபமாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை வேறு வழியில்லை. உடைந்த இடத்தின் துணியை விலக்கினேன். சேற்றைக் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் வார்னிஷ்ஷை நீக்கினேன். மரத்துக்கு நடுவே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கட்டி தெரிந்தது. மரமில்லை. பசையில் குழைத்த மரத்தூள். லென்ஸை வைத்துப் பார்த்தேன். அதன்மேல் மர ரேகை போலவே பழுப்பு மையில் இழை இழையாகக் கோடுகள். மூன்று முடி மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்த பிரஷ்ஷால் நான் வரைந்தவை.

அண்ணன் காணாமல் போவதற்கு நான்கு மாதம் முன்பு, விரிசல் விட்ட ஸ்டீயரிங்கை ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டியே ஆக வேண்டும் என்றான். முறைப்படி செய்வதென்றால் கெட்ட பகுதியைச் சாய்வாக வெட்டியெடுத்து, அதே ரேகையுள்ள புது மரத்தை இழைத்துப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கிப் பத்து நாளாவது விட வேண்டும். நான் மரத்தூளை அடைத்து, கோடு வரைந்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். அந்தக் கோடுகளில் எனக்குப் பெருமை வேறு.

"புது மரம் வச்சிருக்கேன். உனக்கு அப்புறமும் இது இருக்கும்," என்று சொன்னேன்.

பிறகு மனது உறுத்தி, இன்னொரு தரம் வார்னிஷ் அடிக்கும் சாக்கில் கழற்றிக் கொடு என்று கேட்டேன். நல்லாத்தானே இருக்கு என்றான். நானும் விட்டுவிட்டேன். எப்படி விட்டேன் என்று இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உளியை எடுத்தேன். பத்து நிமிடம் போதும், கட்டி பெயர்ந்து வந்துவிடும். அடையாளமும் போய்விடும், என் மானமும் தப்பிக்கும். உளியின் முனையை விளிம்பில் வைத்தேன். அவசரத்தில் மரத்தில் கை வைக்கக்கூடாது என்று, பெரிய தர்மவான் மாதிரி, உளியைக் கீழே வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். எத்தனை தரம் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. கதவு தட்டப்பட்டபோது உளி கையில்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டரும் அண்ணியும் வந்திருந்தார்கள். அவர் நம்பிக்கையில்லாமல்தான் வந்திருந்தார். 'அடையாளம் உறுதி செய்ய இயலவில்லை' என்று முன்பே டைப் செய்த காகிதத்தை நீட்டி, "முடியலைன்னா இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றார்.

அண்ணி அதை எட்டிப் படித்தாள். அழவில்லை. "அப்போ போயிட்டாருன்னுதான் அர்த்தம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நாலு பேரு சொன்னது சரிதான்."

எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணனோடதுதான்," என்றேன். லென்ஸை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, கட்டியைக் காட்டினேன். மரத்தூள், பசை, மூன்று முடி பிரஷ், அவனிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் வேறெந்த ஸ்டீயரிங்கிலும் இந்த அயோக்கியத்தனம் இருக்காது சார் என்றேன்.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, கிரேனுக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அண்ணி மேசையருகே வந்தாள். கட்டியின் மேல் விரலை வைத்தாள். உடைப்பு அதன் விளிம்போடு போயிருந்தது.

"இது உடைஞ்சதால விழுந்தாரா? விழுந்ததால இது உடைஞ்சுதா?"

"தெரியல அண்ணி."

அது உண்மை. மூன்று வருடத் தண்ணீர் உடைந்த பரப்பை மழுக்கிவிட்டிருந்தது. இனி எந்த லென்ஸும் அதைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவளிடம் நான் சொன்ன ஒவ்வொரு பதிலையும் திருப்பிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. காலில் விழுந்திருப்பேன். விழுவதற்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை, ஓரடி நகர்ந்து நின்றுகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். புதிய படிவத்தில் என் பெயர், முகவரி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"காணாமப் போனவருக்கு நீங்க என்ன உறவுன்னு போடணும். கூடப் பிறந்த..."

அண்ணி இடைமறித்தாள்.

"அவரோட ஸ்டீயரிங்கை ரிப்பேர் பண்ணிக் கொடுத்த ஆளுன்னு எழுதிக்கோங்க சார்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்படியே எழுதினார்.