ஏழாவது கேள்வி

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, தங்கச்சியின் புலம்பலில் பிறந்தது. அவள் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏசி மெக்கானிக் படிக்கிறாள். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை காலி, நேர்காணல் ஆங்கிலத்தில். தேறினால் வேலை. இல்லாவிட்டால் மாமா கடையில் மறுபடி பொட்டலம் மடிக்க வேண்டும்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஆங்கிலம் என்னும் கடலில் அவள்...' அடித்துவிட்டேன். அவளுக்குக் கடலும் வேண்டாம், கரையும் வேண்டாம். வேலை போதும்.

2

"பாஷை மேல ஆசை வரணும்மா" என்றாராம் ஆங்கில ஆசிரியை.

"சோத்து மேல ஆசைப்பட்டா மிஸ் சாப்பிடறோம்? பசிக்குது, சாப்பிடறோம்."

(இந்த இடத்தில், தேவைக்காகப் படிக்கும் 'புற ஊக்கம்' பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒரே வரியில் ஊதித் தள்ளிவிட்டாள், ராட்சசி.)

3

வகுப்பே செய்ததைத்தான் அவளும் செய்தாள். கைடில் இருந்த இருபது கேள்விகளுக்கும் விடையை வரிசையாக, ஒரே மூச்சில் மனப்பாடம். நேர்காணலில் மேலாளரோ எடுத்த எடுப்பில் ஏழாவது கேள்வியைக் கேட்டார். இவள் மேசைக்கடியில் விரலை மடக்கி, மனசுக்குள் முதல் விடையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆறு விரல் மடங்கி, வாயைத் திறப்பதற்குள் அவர் பன்னிரண்டுக்குத் தாவியிருந்தார்.

4

இங்கே நான் கைகொடுக்கப் பார்த்தேன். அறையின் ஏசி கடகடக்கிறது. தங்கச்சி எழுந்து, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பழுதை விளக்குகிறாள். மேலாளர் அசந்துபோய்...

படித்துக் காட்டினேன்.

"அண்ணா, அங்க ஏசி நல்லாத்தான் ஓடுச்சு. அது கெட்டுப்போனாத்தான் நான் பாஸா?"

"அப்புறம் என்னதான் சொன்ன?"

"மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன் சார், கொஞ்சம் மெதுவா கேளுங்கன்னேன். இங்கிலீஷ்லதான். அந்த வரி மட்டும் எந்தக் கைடுலயும் இல்ல. சிரிச்சாரு. எதுக்குச் சிரிச்சாருன்னுதான் தெரியல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் ஏசியைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

5

இன்று காலை கிடங்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரு பக்கம், முழுக்க ஆங்கிலம். கையை நீட்டினேன்.

"தொடாத. நானே படிக்கிறேன்."

ஜன்னலோரம் நின்று, எழுத்தின் மேல் விரலை வைத்து, முணுமுணுத்தபடி முதல் வரியிலிருந்து வரிசையாக வருகிறாள். தாவிப் பார்க்கமாட்டாள், பழக்கம் அப்படி.

மூன்றாவது வரிக்கு வந்துவிட்டாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் நீங்கள் இதற்குள் கடைசி வரிவரை படித்திருப்பீர்கள். புண்ணியமாகப் போகும், வாயைத் திறக்காதீர்கள். அவளே வந்து சேரட்டும்.