டெக்லா கணக்கில் சேர்க்காத அடுப்பு

ரிப்னிக் என்ற சுரங்க ஊர்ப் பக்கத்தில் அந்தத் தெருவில், வீட்டைச் சூடாக்கும் கரிப் பாய்லரைத் தூக்கிப் போட்ட முதல் வீடு டெக்லாவுடையது. அதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வெறும் ஜம்பம் என்று நினைத்துவிட வேண்டாம். கணவன் எர்வின் வாலிபத்தையெல்லாம் சுரங்கத்தில் கரி வெட்டியே கழித்தவன். குளிர் தொடங்கினால் அவனுக்கு இருமலும் தொடங்கிவிடும். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டது. வீட்டில் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னார். அன்றே டெக்லா முடிவு கட்டிவிட்டாள்: நிலவறைப் பாய்லர் போக வேண்டும், மின்சாரத்தில் ஓடும் வெப்ப பம்ப் வர வேண்டும்.

வங்கிக் கடனில் பம்ப் வந்தது. கடனில் பெரும்பங்கை அரசு மானியம் அடைத்துவிடும். மிச்சத்துக்கு எர்வினின் வருமான வரியில் கழிவு உண்டு. ஒரே நிபந்தனைதான். வீட்டில் கரி எரியக் கூடாது. அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழுக் கடனும் கிழவனின் ஓய்வூதியத்தின் தலையில்தான்.

பாய்லரைப் பழைய இரும்புக் கடைக்கு ஏற்றிய அன்று எர்வின் அதை இரண்டு தட்டு தட்டிக் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தினான்.

"நான் செத்தாக்கூட நீ இப்படி அழமாட்டே, கிழவா" என்றாள் டெக்லா.

"குளிர்ல நீயா எனக்குச் சூடு கொடுத்தே? அது கொடுத்துச்சு" என்றான் அவன்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் டிசம்பர் நாலு, புனித பார்பராவின் திருநாள். சுரங்கக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. 'வரட்டுமே, மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்' என்று டெக்லா ஒப்புக்கொண்டாள். விடியற்காலையில் பேண்டு வாத்தியம் தெருவை எழுப்பிவிட்டுப் போனது. எர்வின் கறுப்புச் சீருடையும் இறகுத் தொப்பியுமாகக் கோயிலுக்குக் கிளம்பினான்.

அதிகாரி இவோனா சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரி. பம்பைப் பார்த்தாள், காலியான நிலவறையைப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, கூரையில புகை வருதே?"

"அதுவா? சமையல் நடக்குது. வாங்க, காட்டுறேன்."

சமையலறையில் வெள்ளை ஓடு பதித்த கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. மேலே சட்டியில் மாட்டிறைச்சியைச் சுருட்டிக் கட்டின ரோலாடா, பக்கத்தில் ஊதா முட்டைக்கோஸ்.

"இதுல கரிதானே எரியுது?"

"கரிதான். பின்ன ரோலாடாவை எதுல வேக வைப்பாங்க?"

டெக்லா பொய்க்காரி இல்லை, சத்தியமாக இல்லை. அந்த ஊரில் வீட்டைச் சூடாக்குவது நிலவறையில் இருப்பது; சமையலறையில் இருப்பது சோற்றுக்கு. இரண்டையும் யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை. வேறு கரியடுப்பு உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்டதற்கு 'இல்லை' என்று நிம்மதியாக எழுதிக் கொடுத்திருந்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

"மாசக் கடைசிக்குள்ள இதை எடுத்துட்டுப் புகைபோக்கியை அடைச்சுடுங்க. இல்லேன்னா மானியம் கிடைக்காதும்மா" என்றாள் இவோனா.

அந்த அடுப்பின் எந்த மூலையில் எவ்வளவு சூடு என்று டெக்லாவின் கைக்குத் தெரியும். அதைப் பிடுங்கினால் கையைப் பிடுங்கின மாதிரி.

அந்த நேரம் பார்த்து எர்வின் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டான். டெக்லா தலையைக் குனிந்துகொண்டாள். பாய்லருக்காக அவனைக் கேலி பண்ணியதெல்லாம் இப்போது வட்டியோடு திரும்பி வரும், வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"மானியம் வேணாம்னு எழுதிக்கங்கம்மா. கடனை நானே கட்டிக்கிறேன். அவ அடுப்பு இருக்கட்டும்" என்றான் எர்வின்.

அதற்கு மேல் பேச முடியவில்லை. இருமல் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்று இருமினான். இரும்பு மூடியின் இடுக்கு வழியாகக் கசிந்த புகை நேரே அவன் முகத்துக்குப் போயிற்று. டெக்லா அதைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அது அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

"கிழவா, பாய்லர் பாய்லர்னு உன் உயிரை எடுத்தேனே. உன் நெஞ்சுல போனதுல பாதி என் அடுப்புப் புகைதானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சு."

அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவோனா பக்கம் திரும்பினாள். "மாசக் கடைசி எதுக்கும்மா? இந்தச் சட்டி இறங்கினதும் நெருப்பை அணைச்சுடுவேன். நாளைக்கே ஆள் கூட்டி உடைக்கிறேன். ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"சாப்பிடக் கூடாதும்மா, ஆபீஸ் விதி" என்றாள் இவோனா. சொல்லிவிட்டும் அவள் உடனே கிளம்பவில்லை, பாவம்.

மானியம் வந்தது, கடன் இறங்கியது. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மின்சார அடுப்பில் வெந்த ரோலாடாவைத் தட்டில் வைத்துவிட்டு டெக்லா எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

"பழைய மாதிரி இல்லை" என்றான் எர்வின், மென்றுகொண்டே.

சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் ஒரு தடவைகூட இருமவில்லை. டெக்லா இன்னொரு ரோலாடாவை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.