பைக்குள் போன பாம்பு

அந்த வீட்டில் பூச்சிபொட்டுக்குக் குறைவே கிடையாது. பின்பக்கம் காலிமனை. யாரோ வீட்டை இடித்துக் கொண்டுவந்து கொட்டிய செங்கல் குவியலும், அதன்மேல் இடுப்பளவு களையும். மழை தொடங்கினால் அங்கே குடியிருப்பதெல்லாம் இங்கே எட்டிப் பார்க்கும். அண்ணிக்கு அது பழகிப் போயிருந்தது. செருப்பைத் தட்டிவிட்டுத்தான் காலை நுழைப்பாள், கொடியிலிருந்து எடுத்த துணியை உதறிவிட்டுத்தான் மடிப்பாள். ஹாலில் அவளுடைய தையல் மெஷினுக்கு மேலே, கடிகாரத்துக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி இருந்தது. கரப்பானைத் தின்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதை அவள் விரட்டியதே இல்லை.

சின்னுவோ அது இருக்கும் சுவர்ப்பக்கமே போகமாட்டாள்.

சின்னு அவளுடைய நாத்தனார். லாரி ஓட்டும் அண்ணன் சிறுவயதில் வைத்த பேர், முப்பது வயதிலும் நிலைத்துவிட்டது. புருஷனை விட்டுவிட்டு ஒரு பையோடு வந்தவள், "ரெண்டு வாரம் இருந்துக்கறேன்" என்றாள். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த மருந்துக்கடையில் பில் போடும் வேலையும் கிடைத்திருந்தது. ஏன் வந்தாள் என்று அவள் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை அந்தப் பூச்சி கடிகாரத்தை விட்டிறங்கி சின்னுவின் துண்டின்மேல் உட்கார்ந்திருந்தது. முகம் துடைக்கப் போனவள் துண்டை வீசிவிட்டுக் கதவோரம் போய் நின்றாள்.

"இத அடிச்சுப் போடுங்க அண்ணி. இல்லன்னா என்னால இந்த வீட்டுல இருக்க முடியாது."

அண்ணிக்கு அன்றைக்குள் இருபது பள்ளிச் சீருடைகள் முடித்தாக வேண்டும். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அது பாட்டுக்கு இருக்கு. சோறு கேக்குதா, ரூம் கேக்குதா?"

சின்னு உள்ளே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. தட்டு வைக்கிற சத்தமும் குழாய் மூடுகிற சத்தமும்தான் அந்த வீட்டில் கேட்டன. அண்ணன் ஊரில் இல்லாததால் நடுவில் நின்று சமாதானம் பேசவும் ஆளில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் சின்னு பையை எடுத்து ஹாலில் வைத்துத் துணிமணிகளை அடுக்கினாள். அண்ணி பார்த்தும் பார்க்காததுபோல் தைத்துக்கொண்டிருந்தாள். சீப்பை எடுக்கக் குளியலறைக்குப் போய்த் திரும்பிய சின்னு, ஹாலுக்குள் நுழையும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். திறந்திருந்த பைக்குள் ஒரு வால் வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது.

"அண்ணி."

குரலே சரியில்லை. அண்ணி மெஷினை நிறுத்தினாள்.

"பைக்குள்ள பாம்பு போயிருக்கு."

அடுத்த நிமிஷம் இருவரும் துணி வெட்டும் மேஜைமேல் இருந்தார்கள். யார் யாரைப் பிடித்து ஏற்றியது என்று இருவருக்குமே பிறகு நினைவில்லை. தெருக்கோடியில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர் பாம்பும் பிடிப்பார். அண்ணி அவருக்குப் போன் போட்டாள்.

"பைக்குள்ளயா? நல்லதாப் போச்சு" என்றார் அவர். "கிட்டப் போகாதீங்கக்கா. ஆனா கண்ண எடுக்காதீங்க. வேற எங்கயாவது புகுந்துக்கிச்சுன்னா அப்புறம் வீட்டையே பிரிக்கணும். நான் ஒரு வண்டியப் பிரிச்சுப் போட்டிருக்கேன், ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

ஆக, இருவரும் பையையே பார்த்தபடி கால்களை மடக்கி உட்கார்ந்தார்கள். சுற்றிலும் துணித்துண்டுகளும் சாக்குக்கட்டியும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அண்ணிக்குப் பேச வந்தது.

"எங்க கிளம்பின?"

"ஹாஸ்டல்ல ஒரு இடம் பாத்திருக்கேன்."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"போய்ட்டு சொல்லிக்கலாம்னு."

"எனக்கு?"

"நீங்கதான் அன்னைக்கே சொல்லிட்டீங்களே. சோறு கேக்குதா, ரூம் கேக்குதான்னு."

"நான் பூச்சியச் சொன்னேன்டி."

பை அசையவில்லை. அண்ணி தானாகவே தொடர்ந்தாள்.

"இல்ல, பொய் சொல்லக் கூடாது. உன்னையும் கொஞ்சம் சேத்துத்தான் சொல்லியிருப்பேன். நீ இருக்கறது எனக்குப் பாரமில்ல. ஆனா அஞ்சு மாசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை மனசு விட்டுப் பேசியிருப்பியா? உங்க அண்ணன் வந்தா சிரிக்கற. நான் வந்தா போனக் கையில எடுத்துக்கற. அந்தப் பூச்சியாவது நான் லைட்டப் போட்டா எட்டிப் பாக்குது."

சின்னுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆயிற்று. பையிலிருந்து கண்ணை எடுக்காமலே புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வீட்டுல ஒரு எறும்பு கூடக் கிடையாது அண்ணி. அப்படிச் சுத்தம். ஆனா சாயங்காலம் கதவுல சாவி திரும்புற சத்தம் கேட்டா நான் அடுப்படிக்குள்ள போய் நின்னுக்குவேன். இன்னைக்கு எந்த மூஞ்சியோட வர்றாரோன்னு."

"கை நீட்டினானா?"

"ரெண்டு தடவ. ரெண்டாவது தடவைக்கு மறுநாள்தான் இங்க வந்தேன்."

அண்ணியின் கை மேஜைமேல் தடவிக்கொண்டு வந்து சின்னுவின் கணுக்காலைப் பற்றியது. ஏனோ அங்கேதான் பிடி கிடைத்தது. விடவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா அண்ணனுக்குப் போகும். அண்ணன் லாரிய நேரா அங்க விட்டுடுவார்."

"அதுவும் சரிதான்" என்றாள் அண்ணி. "செய்யக் கூடிய ஆளுதான்."

ஒரு மணி நேரம் ஒன்றேகாலாயிற்று. கதவு தட்டும் சத்தம் கேட்டது. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது, கதவுக்குப் போகப் பையைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணி காலை இறக்கினாள். சின்னு அவளைத் தோளில் அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தானே இறங்கினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பக்கவாட்டில் நடந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

பேட்டரிக் கடைக்காரர் கொக்கி போட்ட கம்பியால் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டார். சுடிதார், துண்டு, அப்புறம் உள்ளாடைகள்.

"அதையெல்லாம் பாக்காதீங்க" என்றாள் அண்ணி மேஜைமேலிருந்து.

"நான் பாம்ப மட்டும்தான் பாக்கறேன்க்கா."

கடைசியில், மடித்து வைத்த போர்வைக்குள்ளிருந்து அது வந்தது. ஒரு முழ நீளம், பளபளவென்று கறுப்பு. அவர் ஒரு பிளாஸ்டிக் குழாயை நீட்ட, இருட்டைப் பார்த்ததும் தானாகவே அதற்குள் போய்விட்டது. மூடியைத் திருகிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"விஷமுள்ள ஜாதி. கையை விட்டுத் துணியத் துழாவியிருந்தா..." அவர் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பின்னாடி அந்தக் கல்லயெல்லாம் அள்ளுங்கக்கா. சாக்கடை ஓட்டைக்கு வலை அடிங்க."

இரண்டு மணிக்கு சின்னு வழக்கம்போல மருந்துக்கடைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவளுடைய துணி மொத்தமும் இரண்டு வாளிகளில் ஊறிக்கொண்டிருந்தது.

"பாம்பு படுத்த துணியப் போட்டுட்டா போவ? தொவச்சுக் காயட்டும், அப்புறம் போ" என்றாள் அண்ணி.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. சின்னு வீட்டில் அண்ணியின் நைட்டிகளை மாட்டிக்கொண்டு திரிந்தாள். அவை அவளுக்கு இரண்டு ஆள் புகுகிற அளவு. ஹாஸ்டலுக்குப் போன் செய்து, வரவில்லை என்று அவளே சொன்னாள். மழை நின்ற பிறகும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லாரியோடு திரும்பியிருந்த அண்ணனும் சேர, மூவருமாகக் காலிமனையில் இறங்கினார்கள். அண்ணன் கடப்பாரையால் குவியலைப் புரட்ட, பெண்கள் இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு செங்கற்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். வெயில் ஏறியதும் அண்ணன் கடப்பாரையை ஊன்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஊர்ல இல்லாதப்ப என்ன நடந்துச்சு? ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே திரியறீங்க."

"பாம்பு வந்துச்சு" என்றாள் அண்ணி. "நீங்க போய் டீ வாங்கிட்டு வாங்க. அவசரமே இல்ல, மெதுவா வாங்க."

அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். அண்ணி ஈரமில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். சின்னு கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புருஷன் வீட்டுக் கதையில் மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினாள்.