ஆறு நாள் தாடி

"தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிடா" என்றாள் அக்கா. விறைக்கத் தொடங்கியிருந்த கழுத்துக்குக் கீழே தம்பி கையைக் கொடுத்தான். அப்பாவின் கன்னத்தில் ஆறு நாள் தாடி நரைநரையாகக் குத்திட்டு நின்றது.

"ஏன்க்கா இப்படி விட்டே? ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் பண்ணியாகணுமே அவருக்கு."

"வேணாம்னுட்டாரு."

தம்பி பையிலிருந்து புது க்ரீம் டப்பாவை எடுத்து நீட்டினான். கறுப்பு டப்பா, தங்கநிற மூடி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் அனுப்பியதும் இதேதான். பஸ் கண்டக்டராக முப்பது வருடம் கத்திய வாய், அதன்பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அந்த க்ரீமின் பெருமையையே பேசியது. "பையன் அனுப்பினது. கத்தி வழுக்கிக்கிட்டுப் போகுது. இவ வாங்குற டியூப் இருக்கே, மூஞ்சியெல்லாம் எரியும்." பக்கவாதத்தில் கை விழுந்த அவருக்கு முகம் வழித்துவிட்டது அவள்தான்.

நாலைந்து மாதத்தில் டப்பா தீர்ந்தது. யாரிடமும் சொல்லாமல், முனைக்கடை டியூப்பைப் பிதுக்கி அதில் நிரப்பினாள். அப்பா அன்றும் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன இருந்தாலும் ஒசத்தி ஒசத்திதான்" என்றார். ஒன்றரை வருடம் அதையே சொன்னார். அவளும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரரிடம் மறுபடி அதே பேச்சு. அவர் போனதும் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"அது காலியாகி ஒன்றரை வருஷம் ஆச்சுப்பா. இத்தனை நாளா பூசிவிட்டது என்னோட டியூப்தான்."

அப்பா டப்பாவை எடுத்து ஒருதரம் முகர்ந்து பார்த்தார். மறுநாள் அவள் கிண்ணத்தோடு வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமென்றால் இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். இன்று காலை எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

புது க்ரீமை நுரைக்கக் குழைத்துத் தடவினாள். கத்தியை வைத்து இழுத்தாள். டியூப்புக்கு எப்படிப் போகுமோ அப்படியேதான் போனது. இப்போதும் அதைக் கவனிக்கிறோமே என்று அவளுக்குக் கூசியது.

"நாலு நாள் முன்னாடி போன்ல பேசினேன்க்கா" என்றான் தம்பி. "வரும்போது இதைக் கொண்டுவரவான்னு கேட்டேன். 'வேணாம்டா, அக்கா வாங்குறதே நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் தெரியாமப் போச்சு'ன்னாரு. 'இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவகிட்ட வழிச்சுவிடச் சொல்றது'ன்னு சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. என்ன நடந்துச்சு?"

கத்தி தாடையிலேயே நின்றது.

"ஒண்ணுமில்லை. சாயாம பிடி."

மேலுதடு, மோவாய், தொண்டைக்குழி என்று ஒவ்வொன்றாக முடித்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்து, கன்னத்தில் மெல்ல ஊதினாள்.

"எரியுதாப்பா?" என்று கேட்டுவிட்டாள்.

தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டிருந்தது.