பதினாறு வெட்டுகளும் ஓர் அரை டிகிரியும்

1

இந்தக் கதை அக்காவின் கோபத்திலிருந்து திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் வாயால் நீங்கள் கேட்க வேண்டாம்.

தோட்டத்தின் நடுவே எட்டுப் பக்க மண்டபம் ஒன்று

(மண்டபமாம்! அடித்துவிட்டேன். அக்கா தையல்காரி. நடைவழியில் இடிபட்டுக் கிடக்கும் மெஷினை வைக்க அவளுக்கு ஓர் அறை வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிய எல்லாத் திசையிலும் ஜன்னல் வேண்டும். அதனால்தான் எட்டுப் பக்கம்.)

அத்தானுக்கு அதே இடத்தில் கார் ஷெட் வேண்டும். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அடிச்சட்டமாவது கூடணும். இல்லன்னா இடம் காருக்கு," என்றார். அக்கா சரி என்றாள்.

2

கணக்கு எளிது. அடிச்சட்டத்துக்கு எட்டுக் கட்டைகள், ஒவ்வொன்றின் இரு முனைகளையும் இருபத்திரண்டரை டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். வாடகைக்கு எடுத்த ரம்பத்தில் அரை டிகிரிக்குக் கோடு இல்லை. அக்கா இருபத்திரண்டில் வைத்தாள். துணி இம்மி குறைந்தால் இழுத்துப் பிடித்துத் தைத்துவிடுவாள். வருடக்கணக்காக அவள் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. மரம் இழுத்தால் வருமா? பதினாறு வெட்டிலும் அரை அரையாகச் சேர்ந்து, கடைசி மூலை எட்டு டிகிரிக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படி இருந்ததென்றால்… வேண்டாம், அவருக்கு அவ்வளவு இடம் தர மாட்டேன்.

3

முடிவு ஒன்று: இடைவெளியில் ஆப்பு சொருகி மூடுகிறாள்.

முடிவு இரண்டு: அத்தான் மனம் மாறி

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள்.

"அவர் மனசு மாறணும்னு யாருடா கேட்டா? ஆப்பும் வேணாம். பதினாறையும் திரும்ப வெட்டறேன். அறை கொஞ்சம் சின்னதாகும், ஆகட்டும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலன்னா?"

"காரை வெளிய தள்ளிட்டு வெட்டுவேன். நீ பேனாவால எதையும் ஒட்டவெச்சுடாத."

4

ஞாயிறு மாலை. ரம்பத்தில் இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவே தையல் சாக்பீஸால் அவளே ஒரு கோடு போட்டிருக்கிறாள். கடைசிக் கட்டை ரம்பத்தில் இருக்கிறது. அத்தான் கார் சாவியோடு வாசற்படியில் நிற்கிறார்.

மூலை கூடியதா என்று எழுத மாட்டேன். எழுதினால் நான் கூட்டியதாகிவிடும். நீங்கள் வேண்டுமானால் அத்தான் பக்கத்தில் போய் நின்று, இதுவும் பிளந்துதான் நிற்கும் என்று சொல்லிப் பாருங்கள். ரம்பம் ஓடும்போது அவள் யார் பேச்சையும் கேட்பதில்லை.